‘அப்பம் பிட்குதல்’: கிரேக்கத்தில் என்ன வினை, விருந்தா திருவிருந்தா?

பனையோலை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சித்தப்பா போகிற சபையில் ஞாயிறு ஆராதனைக்கே ‘அப்பம் பிட்கும் கூட்டம்’ என்றுதான் பெயர். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 2:46இல் ‘வீடுகள்தோறும் அப்பம்பிட்டு’ என்று வருவதும் திருவிருந்துதான், அதாவது இயேசுவை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்குதான் என்கிறார் அவர். சாதாரணச் சாப்பாடாகவும் இருக்கலாமே என்று நான் வாயைத் திறந்தேன், அன்றைக்குப் பிரியாணி ஆறிப்போனதுதான் மிச்சம். கிரேக்க வினையைப் பார்த்தால் இது தீர்ந்துவிடுமா?

முந்திரித்தோப்பு:
தீராது தம்பி :) வினை ‘கிளாவோ’. பழைய கிரேக்கத்தில் சுள்ளியை, கொப்பை ஒடிப்பதற்குச் சொல்கிற சொல். கிளைக்கு அவர்கள் சொல்லும் ‘கிளாதோஸ்’ இதோடு தொடர்புள்ளது என்பவர்களும் உண்டு. ஆனால் புதிய ஏற்பாட்டில் இந்த வினை தனியாக வரும் 14 இடங்களிலும் பிட்கப்படுவது அப்பம் மட்டுமே. ரோமர் 11இல் ஒலிவக் கிளைகளை முறிக்கும்போதுகூட முன்னொட்டு சேர்ந்து ‘எக்கிளாவோ’ ஆகிவிடுகிறது.

ஏன் அப்பத்துக்கு ஒட்டிக்கொண்டது என்றால் யூத வீட்டுப் பந்தியில் பெரியவர் ரொட்டியை எடுத்து, ஸ்தோத்திரம் சொல்லி, கையால் பிட்டுக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அதாவது சாப்பாடு தொடங்குகிற சடங்கு அது. அப்போஸ்தலர் 27இல் 14 நாள் பட்டினிக்குப் பிறகு பவுல் புயலுக்கு நடுவே அப்பம் பிட்டபோது கப்பலில் இருந்தது 276 பேர், போர்ச்சேவகர், கைதிகள் எல்லாம் சேர்த்து. அதையும் திருவிருந்து என்பவர்கள் உண்டு, எனக்கு அது இழுத்துப் பிடிப்பதாகத்தான் படுகிறது. ஆனால் அதே அப்போஸ்தலர் 20:7இல் ‘வாரத்தின் முதல்நாளிலே, அப்பம் பிட்கும்படி’ கூடினார்கள் என்றால் அது வெறும் இரவுச் சாப்பாடு மாதிரித் தெரியவில்லை. வினை ஒன்றுதான், இடத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மெழுகுத்திரி:
சாப்பாட்டையும் திருவிருந்தையும் பிரிப்பதே நம் காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறேன். கொரிந்து சபையின் திருவிருந்தில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான் என்று பவுல் கண்டிக்கிறார், சிறு துண்டும் ஒரு மிடறு திராட்சரசமும் மட்டும் என்றால் யாருக்கு வெறி ஏறும்?

இன்னொன்று. 1 கொரிந்தியர் 11:24இல், இயேசு அப்பத்தைப் பிட்டுச் சொன்னதாக, நம் பழைய மொழிபெயர்ப்பு ‘உங்களுக்காகப் பிட்கப்படுகிற என்னுடைய சரீரம்’ என்கிறது இல்லையா, அந்தப் ‘பிட்கப்படுகிற’ மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, ‘உங்களுக்கான என் சரீரம்’ என்ற அளவில்தான் இருக்கிறது. யோவான் 19இல் சிலுவையில் இயேசுவின் எலும்பு முறிக்கப்படவில்லை என்கிற இடத்திலும் வேறு வினைகள்தான், கிளாவோ கிடையாது. ஆகவே சரீரம் ‘உடைந்தது’ என்று இந்த வினையை வைத்து நீட்டிப் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பனையோலை:
நன்றி அண்ணே, நன்றி மெழுகுத்திரி. ‘பிட்கு’ நல்ல தேர்வுதானா? ‘உடைத்து’ என்று போட்டால் எல்லாருக்கும் புரியுமே.

முந்திரித்தோப்பு:
தேங்காயைத்தான் உடைப்போம், இட்லியைப் பிட்டுத்தானே தின்கிறோம். கை, மெதுவான பண்டம், பங்கு மூன்றும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரண்டு சீஷர்களோடு உயிர்த்தெழுந்த இயேசு சேர்ந்துகொண்ட கதையைப் பாருங்கள், அவர் வழி நெடுக வேதவாக்கியங்களைப் புட்டுப் புட்டு வைத்தும் அந்த இரண்டு பேருக்கும் ஆளைத் தெரியவில்லை, அப்பத்தைப் பிட்ட பிறகுதான் கண் திறந்தது. சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பிரியாணி சாப்பிட்டு முடித்த பிறகு.