பின்புற ஷாக்கின் போல்ட் இறுகிப்போயிருக்கிறது: கழற்றுவது எப்படி?

கேள்வி:
என் மலை சைக்கிளின் சட்டகம் அலுமினியத்தால் ஆனது. பின்புற ஷாக்கை (அதிர்வுதாங்கியை) ராக்கர் இணைப்புடன் (பின்சக்கரத்தின் அசைவை ஷாக்குக்குக் கடத்தும் நெம்புகோலுடன்) பிணைக்கும் எஃகு போல்ட் அசையவில்லை, 5 மி.மீ. ஆலன் சாவி பொருந்தும் குழியும் மழுங்கத் தொடங்கிவிட்டது. சட்டகத்துக்குச் சேதமின்றி இதை எப்படிக் கழற்றலாம்?

மறுமொழி 1:
முதலில் ஷாக்கின் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, பின்சக்கரத்தின் எடை இணைப்பை இழுக்காதவாறு தாங்கி வையுங்கள். எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு ஏற்பட்டு, அதில் உருவாகும் ஆக்சைடு மரைகளை இறுக்கிவிடும் என்பதால், ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓர் இரவு ஊறவிடுவது அவசியம்.

மறுமொழி 2:
மரையில் பூட்டுப்பசை (போல்ட் தானாகக் கழலாமல் பிடித்துவைக்கும் பசை) இருந்தால் எண்ணெயால் பெரிய பயன் இல்லை. வெப்பம்தான் அதை இளக்கும். சாலிடரிங் இரும்பின் முனையைப் போல்ட்டின் தலையில் மட்டும் வைத்துச் சூடாக்குங்கள். தீச்சுடரை அருகில் கொண்டுசெல்லவே வேண்டாம். பேரிங்கின் சீல்களும் வண்ணப்பூச்சும் கெட்டுவிடும். கார்பன் சட்டகமாக இருந்தால் இம்முறையையே தவிர்க்க வேண்டும். மழுங்கிய குழியில், அதைவிடச் சற்றே பெரிய டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) முனையைச் சுத்தியலால் தட்டி இறக்கி, சாய்க்காமல் சீராகத் திருப்புங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் இடச்சுழற்சித் துளை அலகு (போல்ட் கழலும் திசையில் சுழன்று துளையிடுவது) இருக்கிறது. துளையிடும்போதே போல்ட் கழன்று வருவதும் உண்டு.

மறுமொழி 3:
புதிய போல்ட்டைச் சட்டகத் தயாரிப்பாளரிடமே வாங்குங்கள். நீளமும் மரையும் ஒத்திருந்தாலும் கடைப் போல்ட்டின் வலிமை போதாமல் போகலாம். மரையைத் துடைத்து, தண்டுப் பகுதியில் கிரீஸும், கையேடு கூறும் இடத்தில் பூட்டுப்பசையும் இட்டு, குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.