கண்ட நகர்வு மாடல்: மடகாஸ்கர் ஒட்டவில்லை, குமரிக்கண்டம் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

நாகர்கோவில்_டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்காகக் கண்ட நகர்வு மாடல் செய்கிறார்கள், அதாவது ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த நிலங்கள் பிரிந்து நகர்ந்ததைக் காட்டும் மாடல். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தை நகலெடுத்து, இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா எல்லாவற்றையும் தெர்மாகோலில் வெட்டியாயிற்று. சேர்த்து வைத்தால் பொருந்தவே இல்லை. அண்டார்டிகா மற்ற எல்லாவற்றையும் விழுங்குகிற அளவுக்குப் பெரிதாக நிற்கிறது. எங்கே தவறு? கடல் தரை விரிவதைக் காட்ட எளிய வழி ஏதும் உண்டா? இன்னொன்று, நம் ஊரில் பார்க்க வருகிறவர்கள் குமரிக்கண்டத்தைக் கட்டாயம் கேட்பார்கள். பிள்ளைகள் என்ன பதில் சொல்ல வேண்டும்?

கடலாழம்:
டீச்சர், தவறு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது வரைபடம். சுவர் வரைபடங்கள் பலவும் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை ஊதிப் பெருக்கிக் காட்டும். அதை விட்டுவிட்டு 30 செ.மீ. குறுக்களவுள்ள பூகோள உருண்டையின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து வரையச் சொல்லுங்கள். அப்போது 1 செ.மீ. என்பது ஏறத்தாழ 425 கி.மீ. பேப்பர் சுருங்கினால் விளிம்பில் சிறு வெட்டுகள் போட்டுப் படிய வையுங்கள். தெர்மாகோலும் வேண்டாம், அது வளையாது. சார்ட் அட்டையில் வெட்டி, உருண்டையின் மேலேயே நகர்த்திப் பொருத்துங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். கடற்கரையோரமாக வெட்டாதீர்கள். கண்டம் கரையோடு முடிவதில்லை. உருண்டையில் கரையை ஒட்டி வெளிர்நீலமாகத் தெரிகிற கண்டத்திட்டின் வெளி விளிம்பில் வெட்டுங்கள். மும்பைக்கு மேற்கே அது சுமார் 300 கி.மீ. அகலம், உங்கள் உருண்டையில் 7 மி.மீ. நமக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்கும் இந்தத் திட்டின் பகுதிதான். நம் மீனவர்கள் அங்கே மீன் பிடிக்கப் போகும்போதும் அவர்களுக்கு அடியில் இருப்பது இந்தியக் கண்டமே. 1965இல் அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் கணினியில் பொருத்திப் பார்த்தபோதுகூட, சுமார் 900 மீட்டர் ஆழக் கோட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகள் மடகாஸ்கரைக் கன்னியாகுமரிக்கு நேர் கீழே ஒட்டப் பார்ப்பார்கள். அது தவறு. அதன் நேர்கோடு போன்ற கிழக்குக் கரைதான் நம் மேற்குக் கரையை ஒட்டி இருந்தது. பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தப் பிளவின்போது பொங்கிய எரிமலைப் பாறை உடுப்பி அருகே செயின்ட் மேரீஸ் தீவுகளில் இன்றும் நிற்கிறது. அண்டார்டிகாவிடமிருந்து இந்தியா பிரியத் தொடங்கியது அதற்கும் வெகு முன்னால், ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்.

வேளிமலை:
கடல் தரை விரிவதைக் காட்ட ஒரு செருப்புப் பெட்டி போதும். மூடியின் நடுவே 7.5 செ.மீ. நீளம், 3 மி.மீ. அகலத்தில் ஒரு பிளவு. 7 செ.மீ. அகலமான இரண்டு காகிதப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து அடியிலிருந்து மேலே விட்டு, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் மடித்து, இரண்டையும் ஒரே சீராக இழுக்க வேண்டும். பிளவு அகலமாகிவிட்டால் காகிதம் குமிழ் மாதிரி பொங்கி நிற்கும்.

மூடியின் பிளவுதான் கடல் தரை புதிதாகப் பிறக்கும் இடம். அங்கே உறையும் பாறை அப்போதைய பூமியின் காந்தத் திசையைப் பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தத் திசை தலைகீழாக மாறிய காலங்களைப் பட்டைகளில் நிறம் தீட்டிக் காட்டலாம். 10 லட்சம் ஆண்டுக்கு 4 செ.மீ. என்று அளவு வையுங்கள். இன்றிலிருந்து 7.8 லட்சம் ஆண்டு வரை இன்றைய திசை: 3.1 செ.மீ. நீலம். அதற்கு முன் 25.8 லட்சம் வரை எதிர்த்திசை: 7.2 செ.மீ. வெள்ளை. பிறகு 36 லட்சம் வரை மறுபடி இன்றைய திசை: 4.1 செ.மீ. நீலம். பலரும் கோட்டை விடுவது வரிசையில்தான். முதலில் வெளியே வரும் முனையில் பழைய நிறம் இருக்க வேண்டும். கடைசியாக வரும் முனைதான் இன்று. தலைகீழாகத் தீட்டிவிட்டால் வயதான பாறை பிளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும், மாடலே பொய்யாகிவிடும்.

பட்டை வேகமாகச் சறுக்குவதால் இந்தியாவும் அப்படி ஓடியது என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைய வேகம் ஆண்டுக்கு சுமார் 5 செ.மீ. முன்பு ஒரு காலத்தில் 15 செ.மீ.க்கும் மேல் இருந்தது. ஆசியாவோடு மோதிய பிறகு குறைந்துவிட்டது. கடலாழம் சொன்ன உருண்டையில் 10 லட்சம் ஆண்டு நகர்வு 1.2 மி.மீ.தான்.

நாகர்கோவில்_டீச்சர்:
நன்றி. அப்படியானால் குமரிக்கண்டம்? வந்து கேட்கிறவர்களின் மனம் நோகக் கூடாது.

கடலாழம்:
இரண்டு விஷயத்தைப் பிரித்துச் சொன்னால் யாரும் நோக மாட்டார்கள். கடல் நிலத்தை விழுங்கியது உண்மை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனி துருவங்களிலும் பிற இடங்களிலும் உறைந்து கிடந்ததால் கடல்மட்டம் இன்றைக்கு விட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வு. அப்போது வாட்ஜ் பேங்கின் ஆழம் குறைந்த பகுதிகளும் பாக் நீரிணையும் தரையாக இருந்தன. அது கண்டத்திட்டின் மேல் இருந்த நிலம்.

ஆனால் திட்டைத் தாண்டி, ஆழ்கடலுக்குக் கீழே ஒரு கண்டம் முழுகிக் கிடக்கவில்லை. அங்கே தரை பசால்ட் என்ற எரிமலைப் பாறை, அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 3 கிராம். கண்டத்துப் பாறை 2.7. இரண்டுக்கும் கீழே இருக்கும் மேன்டில் பாறை 3.3. லேசான கண்டம் மிதக்குமே ஒழிய அப்படியே ஆழத்தில் இறங்கிவிடாது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரை 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் வைத்தது மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருந்ததற்கு விளக்கம் தேடித்தான். நிலங்களே நகரும் என்று தெரிந்த பிறகு நடுவில் ஒரு கண்டம் தேவைப்படவில்லை. நியூசிலாந்தைச் சுற்றிய சீலாந்தியா முழுகியிருக்கிறதே என்று யாராவது கேட்டால், அது இழுபட்டு மெலிந்துபோன கண்டம், இன்றும் கண்டப் பாறைதான் என்று சொல்லச் சொல்லுங்கள்.

முட்டம்_பாறை:
மாடல் பக்கத்தில் நம்மூர்க் கல் ஒன்றை வையுங்கள். குவாரியில் கிடைக்கும் சார்னோக்கைட் என்ற பாறையைப் புதிதாக உடைத்தால், உடைந்த முகம் எண்ணெய் தடவினது போலக் கரும்பச்சையாக மினுங்கும். பக்கத்துப் பாறைகளில் சிவப்புக் கார்னெட் மணிகள் தெரியும். இவை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து உருமாறியவை. இதே காலத்தில் இதே போல வெந்த பாறைகள் இலங்கையின் நடுமலைப் பகுதியிலும் தெற்கு மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவின் லுட்சோ-ஹோல்ம் விரிகுடாவிலும் இருக்கின்றன. அட்டை விளிம்பை விட உறுதியான சாட்சி இதுதான்.

மணவாளக்குறிச்சிக் கருமணலில் உள்ள மோனசைட் என்ற கனிமம் இந்தப் பாறைகள் அரிபட்டு வந்தது. அதற்குள் தோரியமும் யுரேனியமும் ஈயமாக மாறிய அளவை வைத்துத்தான் வயதைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்த மணலை அள்ளிவந்து மேசையில் வைக்க வேண்டாம். மோனசைட் கதிரியக்கமுள்ளது, அணுசக்தி தொடர்பான சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வருகிற பொருள். படம் போதும்.