புதுப்பிப்பு: ஃபிரேம் ரிலே கிளைகளுக்கிடையே ரூட் பரவாத சிக்கல் தீர்ந்தது

ஃபிரேம் ரிலே (தொலைவிலுள்ள இடங்களை இணைக்கும் பழைய வகை வலையமைப்பு) வழியே இணைந்த எங்கள் கிளைகளில், ரவுட்டர்கள் ரூட்களை (தரவு செல்லும் வழிகளை) ஒன்றுக்கொன்று அறிவிக்கும் நெறிமுறையை ரிப்பிலிருந்து (RIP) ஈஐஜிஆர்பிக்கு (EIGRP) மாற்றியதும், மைய ரவுட்டருக்கு இரு கிளைகளின் ரூட்களும் தெரிந்தபோதிலும் ஒரு கிளையின் ரூட் மற்றொன்றுக்குப் போகவில்லை என்று கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஸ்ப்ளிட் ஹொரைசனை (ஓர் இன்டர்ஃபேஸ் வழியாகக் கற்ற ரூட்டை அதே இன்டர்ஃபேஸ் வழியாகத் திருப்பி அறிவிக்கக் கூடாது என்ற விதி) ஈஐஜிஆர்பிக்குத் தனியாக நிறுத்தச் சொன்ன யோசனையே பலித்தது. இரு கிளைகளும் மைய ரவுட்டரின் ஒரே இன்டர்ஃபேஸில் இருந்ததால் இந்த விதிதான் ரூட்களைத் தடுத்திருந்தது. சிஸ்கோ ரவுட்டரின் ஃபிசிக்கல் ஃபிரேம் ரிலே இன்டர்ஃபேஸில் ரிப்புக்கு அது இயல்பாகவே அணைந்திருக்கும், ஈஐஜிஆர்பிக்கோ இயங்கிக்கொண்டிருக்கும். 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்' கட்டளை ஸ்ப்ளிட் ஹொரைசன் பற்றிக் காட்டிய 'டிசேபிள்டு' (அணைந்துள்ளது) என்ற வரி ரிப்பை மட்டுமே குறிக்கிறது என்பதை அறியாமல் நான் இரண்டு நாள் அதையே நம்பியிருந்தேன். மைய ரவுட்டரின் சீரியல் இன்டர்ஃபேஸில் 'நோ ஐபி ஸ்ப்ளிட்-ஹொரைசன் ஈஐஜிஆர்பி 100' என்று கொடுத்ததும் (100 என்பது எங்கள் ஈஐஜிஆர்பி அமைப்பை அடையாளம் காட்டும் ஏஎஸ் எண்) விடுபட்ட ரூட்கள் கிளைகளின் ரூட்டிங் டேபிளில் வந்து சேர்ந்தன.

எதிர்பாராதது ஒன்று: கட்டளையிட்ட உடனே, 'ஸ்ப்ளிட் ஹொரைசன் சேஞ்ச்டு' என்ற காரணத்துடன் அந்த இன்டர்ஃபேஸின் நெய்பர்கள் (ரூட்களைப் பகிரும் அண்டை ரவுட்டர்கள்) அனைவரும் ஒருமுறை அறுபட்டு மீண்டும் இணைந்தனர். ஆகவே இதை அலுவல் நேரத்தில் செய்ய வேண்டாம்.

அந்த இன்டர்ஃபேஸை ஒவ்வொரு கிளைக்கும் ஒன்றாக, பாயின்ட்-டு-பாயின்ட் சப்-இன்டர்ஃபேஸ்களாகப் பிரிக்கும் மாற்று யோசனையும் சரியானதே. ஆனால் அதற்கு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி சப்நெட் (ஐபி முகவரித் தொகுதி) தேவைப்பட்டதால் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.