லாயத்து அறையைப் பெரிதாக்கினால் போதுமா? இருமலும் தலையாட்டமும் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: வெண்பிடரி

வணக்கம். எங்களிடம் இரண்டு குதிரைகள் உள்ளன. அவற்றுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் அடுத்தடுத்து இரண்டு அறைகள் கொண்ட லாயம் ஒன்றைக் கட்டினோம். ஒவ்வோர் அறையும் 3.6 மீட்டர் நீளமும் அதே அகலமும் உடையது. நடுவில் கூரை வரை செங்கல் சுவர், முன்புறம் கதவு, பின்சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு சிறு சன்னல். குளிரும் மழையும் தாக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு அடைத்துக் கட்டினோம்.

இப்போது ஆண் குதிரை கதவருகே நின்று, தலையையும் கழுத்தையும் இடமும் வலமுமாக ஆட்டியபடி மணிக்கணக்கில் முன்கால்களை மாற்றி மாற்றி வைக்கிறது. பெட்டைக் குதிரைக்குக் காய்ச்சல் இல்லை. ஆனால் இருமல் மருந்து கொடுக்கும்போது தணிந்து, நிறுத்தியதும் திரும்பிவிடுகிறது. காலையில் இரண்டு மணி நேரம் வெளியே விடுகிறோம்; மற்ற நேரமெல்லாம் அறையில்தான். சுவரை இடித்து அறைகளைப் பெரிதாக்கினால் இவை சரியாகுமா, அல்லது வேறு எதையாவது கவனிக்கத் தவறுகிறேனா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கால்நடை மருத்துவர்

பெட்டையின் இருமலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன அளவே ஒரு சவாரிக் குதிரைக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. எனவே அறையின் அளவை நான் சந்தேகிக்கவில்லை. சந்தேகம் காற்றின் மீதுதான்.

குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. அசையாமல் நிற்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறத்தாழ 5 லிட்டர் காற்றை, நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை உள்ளிழுக்கிறது. அந்தக் காற்றில் உலர்புல்லிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் கிளம்பும் தூசியும் பூஞ்சை வித்துகளும் கலந்திருந்தால், அவற்றுள் 5 மைக்ரானுக்குக் குறைவானவை நுரையீரலின் ஆழம் வரை சென்று மூச்சுக்குழல்களை அழற்சியுறச் செய்கின்றன. குதிரை ஆஸ்துமா எனப்படும் நோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. மருந்து அழற்சியைத் தணிக்கும். தூசி அங்கேயே இருக்கும்வரை, மருந்தை நிறுத்தியதும் இருமல் திரும்புவதில் வியப்பில்லை.

அடுத்தது அம்மோனியா. தரையில் தேங்கும் சிறுநீரை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அது உருவாகிறது. ஆகவே தரையை ஒட்டியே அதன் செறிவு மிகுதி. நின்றுகொண்டு முகரும் நமக்கு உறைக்காத நெடி, படுத்திருக்கும் குதிரையின் மூக்குக்கு இரவு முழுவதும் எட்டிக்கொண்டிருக்கும். அதிகாலையில், கதவைத் திறந்து சுத்தம் செய்வதற்கு முன், அறைக்குள் குனிந்து முழங்கால் உயரத்தில் மூச்சிழுத்துப் பாருங்கள். கண் கரித்தாலோ மூக்கு எரிந்தாலோ காற்றோட்டம் போதவில்லை. கூரையின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாக நிற்பதும் அதே குறையைத்தான் காட்டுகிறது.

குளிருக்கு அஞ்சி அடைப்பது நம் உடலை வைத்துக் குதிரையை அளப்பதாகும். பழக்கப்பட்ட குதிரைக்கு 5 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை எந்தச் சிரமமும் இல்லை. உலர்ந்த உடலும் போதிய தீவனமும் இருந்தால் அதற்குக் கீழேயும் தாங்கும். தாங்க முடியாதது, நனைந்த உடலின் மீது நேராக வீசும் ஊதல்காற்று. எனவே கூரை இறவாணத்தை ஒட்டிச் சுவரின் மேற்பகுதியில் நீளமான திறப்புகளும், கூரையின் உச்சியில் மழை உட்புகாத மூடியுடன் ஒரு போக்கிடமும் வையுங்கள். சூடான காற்று மேலேறி வெளியேற, புதுக் காற்று குதிரையின் தலைக்கு மேலாக உள்ளே வரும்.

உலர்புல்லை நனைத்து, காய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும். உயரத்தில் தொங்கவிடாமல் தரைமட்டத்தில் வைத்தால், தலை தாழ்ந்திருக்கையில் சுவாசக்குழாயின் சளி எளிதாக வடியும். தரையைப் பெருக்குவது குதிரைகள் வெளியே இருக்கும்போது மட்டும். இவற்றைச் செய்யும்போதே உங்கள் மருத்துவரிடம் சுவாசக்குழாய் உள்நோக்கிப் பரிசோதனை பற்றியும் பேசுங்கள்.

பதில் 2: பழைய லாயக்காரர்

மருத்துவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆண் குதிரையின் தலையாட்டத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அந்த நடுச்சுவர்தான் முதல் குற்றவாளி. குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. ஒன்று படுக்கும்போது இன்னொன்று காவல் நிற்கும். நீங்கள் துணையை ஒரு செங்கல் தொலைவில் வைத்துவிட்டு, அதன் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாதபடி மறைத்திருக்கிறீர்கள். அடுத்த அறையைப் பார்க்கும் சன்னல்களைத் திறந்துவிட்டபோது இத்தகைய தலையாட்டம் குறைந்ததை ஆய்வாளர்களும் பதிவு செய்துள்ளனர். கதவில் கம்பி வைத்துத் தலையை வெளியே நீட்டவிடாமல் தடுத்தால் ஆட்டம் நின்றதுபோலத் தோன்றும், ஆனால் பல குதிரைகள் கம்பிக்குப் பின்னால் நின்று ஆடும். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

தீவன நேரமும் காரணமாகலாம். மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளின் பெரும்பகுதியை, ஏறத்தாழ 16 மணி நேரத்தை, குதிரை மேய்ந்தே கழிக்கும். இரைப்பை அமிலம் ஓயாமல் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. ஒரு கிலோ உலர்புல்லை மெல்ல 40 நிமிடமாவது ஆகும். அதே அளவு தானியம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். தானியத்தைக் குறைத்துப் புல்லை நாள் முழுவதும் கிடைக்கும்படி வையுங்கள். இரண்டு மணி நேரம் வெளியே விடுவதும் மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்து, நீண்ட நேரம் விடுங்கள். வேரூன்றிவிட்ட பழக்கம் அடியோடு மறையாமலும் போகலாம். அது குறைந்தாலே குதிரைக்கு ஆறுதல் கிடைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

பதில் 3: மேய்ச்சல்நிலம்

அளவையும் முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம். குதிரை நின்றபடியே உறங்கும் என்பது பாதி உண்மை. கனவு நிலையிலான ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். இடம் குறுகினாலும், தரை வழுக்கினாலும், படுக்கை மெலிந்திருந்தாலும் படுக்கத் தயங்கும். காலையில் உடலின் பக்கவாட்டில் மரத்தூளோ வைக்கோலோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முன்காலின் மணிக்கட்டுப் பகுதியில் புதிய சிராய்ப்புகள் இருந்தால், நின்றபடி உறக்கத்தில் சரிந்து விழுகிறதோ என்று ஐயப்பட வேண்டும்.

வெண்பிடரி:

மூவருக்கும் நன்றி. இன்று காலை குனிந்து பார்த்தேன், கண் எரிந்தது. நடுச்சுவரில் திறப்பு வைக்க முடிவு செய்துவிட்டோம். ஆனால் தீவன நேரத்தில் பெட்டை மற்றதைக் கடிக்கப் பாய்கிறது. முழுச் சுவரையும் எடுத்துவிடலாமா?

பழைய லாயக்காரர்:

முழுவதையும் எடுக்க வேண்டாம். கீழே மார்பு உயரம் வரை சுவர் இருக்கட்டும்; உதைத்தால் தாங்கும், உருளும்போது கால் சிக்காது. அதற்கு மேல் நெடுக்குக் கம்பிகள் வையுங்கள். குளம்பு நுழையாதபடி இடைவெளி 7 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மூக்கோடு மூக்கு முகர்ந்துகொள்ள அது போதும். தீவனத் தொட்டிகளை அந்தச் சுவரிலிருந்து விலக்கி, இரு அறைகளின் எதிரெதிர் மூலைகளில் வைத்து, அந்த மூலைகளை ஒட்டிய ஒரு மீட்டர் அளவுக்கு மட்டும் பலகையால் மறையுங்கள். தின்னும்போது தனிமையும் மற்ற நேரத்தில் துணையும் இரண்டுக்கும் கிடைக்கும்.