புது ஓஎஸ் போட்ட சிஸ்டம் பூட் ஆகவில்லை: ஃபார்மட் அடிக்கலாமா?

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் (திங்கள், காலை 9:35)

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மூன்றாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், பழைய லெகசி பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடி மெஷினைச் சோதிக்கும் புரோகிராம்). விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு அப்டேட் நின்றுவிட்டது. 11 இந்த மெஷினில் ஏறாது. அதனால் போன வாரம் 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கி, அதில் நானே லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டேன். புதன் முதல் சனி இரவு வரை ஒரு குறையும் இல்லை.

இன்று காலை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று ஒரே ஒரு வரி. ஏதாவது பட்டனைத் தட்டினால் அதற்குக் கீழே அதே வரி இன்னொரு முறை. இதுவரை பதினோரு வரி சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை மனு நாள் வேறு, வாசலில் ஆள் நிற்கிறது. நான்கு நாள் வேலை முழுக்க அந்த எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

லாஸ்பேட்டை சர்வீஸ் (9:48)

தம்பி, யோசிக்கவே வேண்டாம். பூட் லோடர், அதாவது ஓஎஸ்ஸை எழுப்பிவிடும் புரோகிராம், போய்விட்டது. ஃபார்மட் அடித்து விண்டோஸ் 10-ஐயே திரும்பப் போடு. எஸ்எஸ்டியில் அரை மணி நேர வேலை. பாண்டியில் 15 வருஷமாக சர்வீஸ் பார்க்கிறேன், கடை மெஷினில் லினக்ஸ் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. உனக்கு முடியாவிட்டால் சிபியூவை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வா, மதியத்துக்குள் தந்துவிடுகிறேன்.

முதுநகர்க்காரன் (9:55)

ஜெராக்ஸ் நண்பரே, தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். இரண்டே கேள்வி. பயாஸுக்குள் போனால் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா? சனி இரவு ஷட்டவுன் செய்ததற்கும் இன்று காலை ஆன் செய்ததற்கும் நடுவே மெஷினில் என்ன மாறியது?

தேவனாம்பட்டினம் அலை (9:58)

கடற்கரை ஊரில் எல்லாவற்றுக்கும் உப்புக்காற்றுதான் காரணம். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் அந்தத் தங்க நிறப் பல்லைத் தேய்த்துவிட்டுப் போடுங்கள். எங்கள் வீட்டில் மூன்று தடவை இப்படித்தான் சரியானது.

முதுநகர்க்காரன் (10:04)

அலை, ரப்பர் வைத்தியம் நல்ல வைத்தியம்தான், ஆனால் இந்த நோய்க்கு இல்லை. ரேம் கெட்டிருந்தால் பீப் சத்தம் வரும், இல்லாவிட்டால் திரையே வராது. இவருக்கு எழுத்து வந்திருக்கிறது. அப்படியென்றால் பயாஸ் தன் சோதனையை எல்லாம் முடித்துவிட்டு, ‘அடுத்து யாரிடம் ஒப்படைப்பது?’ என்று தேடும் இடத்தில் நிற்கிறது.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் (10:06)

பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. மாறியது என்று எதுவும் இல்லை. ஞாயிறு கடை விடுமுறை. மெயினை அணைத்துவிட்டுப் போனேன், அவ்வளவுதான்.

லாஸ்பேட்டை சர்வீஸ் (10:11)

பார்த்தீர்களா, எதுவும் மாறவில்லையாம். தானாகவே கெட்டுப்போயிருக்கிறது. முதுநகர் சாருக்கு இது ஒரு விடுகதை. அந்தத் தம்பிக்கு இது பிழைப்பு. மெஷின் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் பக்கத்துக் கடைக்குப் போகிற காசு. நோய் என்ன என்று கண்டுபிடிக்கிற நேரத்தில் ஆளைப் பிழைக்கவைத்துவிட வேண்டும், அதுதான் சர்வீஸ்.

ஃபைல் வேண்டுமென்றால், மின்ட் போட்ட அதே பென்டிரைவில் லைவாக, அதாவது டிஸ்க் ஓஎஸ் இல்லாமல் பென்டிரைவிலிருந்தே, பூட் செய்து வெளியே எடுத்து வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் ஃபார்மட்.

முதுநகர்க்காரன் (10:15)

லைவில் ஃபைலை எடுத்து வைப்பது நல்ல யோசனை. முதல் பதிவிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். ‘யோசிக்கவே வேண்டாம், ஃபார்மட் அடி’ என்றுதான் நீங்கள் தொடங்கினீர்கள்.

நெல்லிக்குப்பம் டிடிபி (10:19)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சர்வீஸ் அண்ணன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் எங்களுக்கு இன்னும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும்தான் கிடக்கின்றன. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்கு மேல் ஒரு பதிப்பே இல்லை. அது லினக்ஸில் நேராக ஓடாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக ஓட்டினாலும் சில நாள் ஓடும், சில நாள் முரண்டு பிடிக்கும். ஜெராக்ஸ் தம்பி இதை யோசித்தாரா?

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் (10:31)

எனக்குப் பத்திரிகை வேலை இல்லை அண்ணே. மனு, பயோடேட்டா, ஆன்லைன் விண்ணப்பம், பிரின்ட். எல்லாம் யூனிகோட்தான்.

லைவ் பென்டிரைவில் போட்டுப் பார்த்தேன். ஃபைல் அத்தனையும் அப்படியே இருக்கிறது! இன்னொரு பென்டிரைவுக்குக் காப்பி ஓடுகிறது. நல்லவேளை, பழைய ஹார்டு டிஸ்க் பற்றிக் கவலையில்லை. அதைச் சனி இரவே கழற்றி வீட்டு பீரோவில் வைத்துவிட்டேன். 9 வருஷ ஃபைல் அதில் இருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் மழையில் கடைக்குள் தண்ணீர் ஏறி ஒரு தடவை பட்டது போதும்.

முதுநகர்க்காரன் (10:33)

‘எதுவும் மாறவில்லை’ என்றீர்களே!

ஒன்று கேட்கிறேன். மின்ட் போடும்போது அந்த ஹார்டு டிஸ்க் உள்ளே இருந்ததா? டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் ‘சம்திங் எல்ஸ்’ தேர்ந்தெடுத்தீர்களா?

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் (10:36)

ஆமாம், உள்ளேதான் இருந்தது. ‘எரேஸ் டிஸ்க்’ என்று பார்த்ததும் பயந்துபோய் ‘சம்திங் எல்ஸ்’ எடுத்து, கையாலேயே எஸ்எஸ்டியைப் பிரித்தேன்.

முதுநகர்க்காரன் (10:47)

அப்படியானால் மெஷினில் எதுவும் கெடவில்லை. உங்கள் பூட் லோடர் பீரோவில் இருக்கிறது.

அந்தத் திரையின் அடியில் ‘டிவைஸ் ஃபார் பூட் லோடர் இன்ஸ்டலேஷன்’ என்று ஒரு சின்னப் பெட்டி இருந்திருக்கும். மேலே பார்ட்டிஷன் கணக்குப் போடும் மும்முரத்தில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதில் தானாக நிற்பது எஸ்டிஏ, அதாவது முதல் டிஸ்க். உங்கள் மெஷினில் முதல் போர்ட்டில் இருந்தது பழைய ஹார்டு டிஸ்க். ஆக, மின்ட் போய் உட்கார்ந்தது எஸ்எஸ்டியில், அதை எழுப்பிவிடும் க்ரப் என்ற பூட் லோடர் போய் உட்கார்ந்தது ஹார்டு டிஸ்கின் தலையில்.

லெகசி பயாஸுக்கு ஃபைல், ஃபோல்டர் எதுவும் தெரியாது. டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் 446 பைட் பூட் கோடுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. உங்கள் எஸ்எஸ்டியில் அந்த 446 பைட் காலி. சனி வரை ஹார்டு டிஸ்க் வாசலில் நின்று உள்ளே வழிகாட்டிக்கொண்டிருந்தது. காவலாளியைத்தான் நீங்கள் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

லாஸ்பேட்டை சர்வீஸ் (10:52)

இதற்குத்தான் சொல்கிறேன், லினக்ஸ் வேண்டாம் என்று. ஓஎஸ் ஒரு டிஸ்கில், பூட் லோடர் வேறு டிஸ்கில். இது என்ன கூத்து? விண்டோஸ் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

முதுநகர்க்காரன் (10:58)

இது மட்டும் தவறு. பழைய டிஸ்கை மாட்டியபடியே புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டுப் பாருங்கள். பழைய டிஸ்கில் ஏற்கெனவே ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ பகுதி இருந்தால், பல நேரம் விண்டோஸ் தன் பூட் மேனேஜரை அதிலேயே கொண்டுபோய் வைக்கும். பிறகு பழைய டிஸ்கைக் கழற்றினால் இதே கறுப்புத் திரைதான்.

லாஸ்பேட்டை சர்வீஸ் (11:03)

என் மேஜையில் ஒருநாளும் நடந்ததில்லை சார். ஏனென்றால் புது டிஸ்கில் எதைப் போட்டாலும் பழையதின் சாட்டா கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் போடுவேன்.

முதுநகர்க்காரன் (11:05)

அதைத்தான் அண்ணே நானும் சொல்ல வருகிறேன். அது விண்டோஸின் சாமர்த்தியம் இல்லை, உங்கள் கையின் சாமர்த்தியம்.

தேவனாம்பட்டினம் அலை (11:06)

அப்போ ரப்பர் வேண்டாமா?

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் (11:52)

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் டிஸ்கைக் கொண்டுவந்து மாட்டினேன். முதல் தடவையிலேயே மின்ட் மெனு வந்துவிட்டது! இரண்டு மனு டைப் செய்து கொடுத்தும் ஆயிற்று. இப்போது மறுபடி கழற்றினால் மறுபடி இதே கதையா?

முதுநகர்க்காரன் (12:01)

கழற்றுவதற்கு முன் க்ரப்பை எஸ்எஸ்டியிலேயே எழுதிவிட வேண்டும். டெர்மினலைத் திறந்து ‘சூடோ க்ரப்-இன்ஸ்டால்’, அப்புறம் முன்னால் ‘/dev/’ சேர்த்து எஸ்எஸ்டியின் பெயர். உங்களுக்கு அது எஸ்டிபி, அதாவது இரண்டாவது டிஸ்க், ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் ‘டிஸ்க்ஸ்’ செயலியில் 240 ஜிபி எது என்று கண்ணால் பார்த்துவிட்டு அடியுங்கள். எஸ்டிபி என்று நிறுத்த வேண்டும். எஸ்டிபி1, எஸ்டிபி2 என்று எண் சேர்க்கக் கூடாது. எண் சேர்த்தால் அது பார்ட்டிஷன், எண் இல்லாவிட்டால்தான் முழு டிஸ்க்.

முடிந்ததும் ஷட்டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கி, ஹார்டு டிஸ்கைக் கழற்றுங்கள். பயாஸில் எஸ்எஸ்டியை முதலாவதாக வைத்து ஆன் செய்யுங்கள்.

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் (மாலை 4:20)

கூட்டம் குறைந்தபிறகுதான் தைரியம் வந்தது. பிழை எதுவும் இல்லை என்று ஒரு வரி காட்டியது. டிஸ்கைக் கழற்றி ஆன் செய்தேன், நேராக உள்ளே போகிறது. மெனுவில் மட்டும் ‘விண்டோஸ் 10’ வரி இன்னும் நிற்கிறது. அதைத் தொட்டால் பிழை வருகிறது.

முதுநகர்க்காரன் (4:26)

அந்த விண்டோஸ் இப்போது உங்கள் கையில்தானே இருக்கிறது, பிழை வராமல் என்ன செய்யும்? ‘சூடோ அப்டேட்-க்ரப்’ ஒரு தடவை கொடுங்கள், வரி போய்விடும்.

லாஸ்பேட்டை சர்வீஸ் (4:31)

ஹார்டு டிஸ்கைக் கழற்றியதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நெல்லிக்குப்பம் டிடிபி (4:33)

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் அண்ணே.

லாஸ்பேட்டை சர்வீஸ் (4:40)

சரி சரி. தம்பி, அந்த டிஸ்கை மறுபடி பீரோவில் வைக்கும்போது ஒரு பேப்பரில் ‘9 வருஷ ஃபைல், ஃபார்மட் செய்யாதே’ என்று எழுதி ஒட்டி வை. நாளைக்கு என் மாதிரி ஒருவன் கையில் சிக்கினால் கஷ்டம்.