எச்சத்தில் அரிசிக் குருணை மாதிரி புழு, அடையில் இரண்டு வெள்ளைக் குஞ்சு: யாராவது சொல்லுங்கள்

அணைக்கட்டுக்காரர்:
வீட்டில் ஏழு நாட்டுக்கோழி இருக்கிறது. ஆறு மாதம் முன் ஒடுகத்தூர் சந்தையில் வாங்கிய கருப்புப் பெட்டை தீனி நன்றாக எடுக்கிறது, ஆனால் தூக்கினால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டுகிறது. காலை எச்சத்தில் வெள்ளையாக அரிசிக் குருணை மாதிரி நெளிகிறது. பூண்டு இடித்துத் தண்ணீரில் போட்டேன், வேப்பிலை உருண்டை கொடுத்தேன். அப்புறம் கடையில் பூச்சி மருந்து கேட்டு வாங்கிக் கலந்து வைத்தேன். பாட்டிலில் பைப்பரசின் என்று இருக்கிறது. பத்து நாள் ஆகியும் குருணை நிற்கவில்லை.

இன்னொன்று. இதே பெட்டை பொரித்த ஒன்பது குஞ்சில் இரண்டு, இறகு முளைத்ததும் சுத்த வெள்ளை. சேவலோ செவலை. "மருந்தைக் கொடுத்து நிறத்தைக் கெடுத்துட்ட" என்று ஆயா தினமும் திட்டுகிறார்.

காட்பாடிக்காரர்:
குருணை மாதிரி வருவது நாடாப்புழுவின் துண்டு. பைப்பரசின் உருண்டைப்புழுவைத்தான் வெளியே தள்ளும், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அல்பெண்டசோல் இரண்டுக்கும் கேட்கும். கிலோ எடைக்கு 10 முதல் 20 மில்லிகிராம் என்று கணக்கு. ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி மாறும். கோழியை எடை போட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகம் போய் எத்தனை மில்லி என்று கேளுங்கள். முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். தண்ணீரில் கலக்காமல் வாயில் ஊற்றுங்கள், இளைத்த கோழி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும்.

பூண்டு, வேப்பிலை கொடுப்பதில் தப்பில்லை. நானும் கொடுக்கிறேன். ஆனால் பிடித்துவிட்ட புழுவை அது இறக்கி நான் பார்த்ததில்லை.

மருந்தைவிட முக்கியம், இந்தப் புழு எச்சத்திலிருந்து நேராகக் கோழிக்கு வராது. எறும்பு, வண்டு, ஈ இவற்றின் வயிற்றில் வளர்ந்து, அவற்றைக் கோழி கொத்தும்போதுதான் உள்ளே போகும். குப்பைமேடு பக்கத்திலேயே கூண்டு இருந்தால் எத்தனை முறை மருந்து ஊற்றினாலும் திரும்ப வரும்.

அணைக்கட்டுக்காரர்:
எருக்குழிக்குப் பத்தடியில்தான் கூண்டு. சரி, மாற்றுகிறேன். நிறம்?

குடியாத்தத்துக்காரர்:
குஞ்சு பொரித்து எத்தனை நாள்? தெருவில் வெள்ளைச் சேவல் உண்டா? ஒருமுறை சேர்ந்தாலே பெட்டை இரண்டு வாரத்துக்கு மேலும் கருக்கூடிய முட்டை இடும், அதனால் கேட்கிறேன்.

அணைக்கட்டுக்காரர்:
ஆறு வாரம் ஆகிறது. வெள்ளைச் சேவல் எங்கள் பக்கம் கிடையாது.

குடியாத்தத்துக்காரர்:
அப்படியென்றால் ஆயாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள், மருந்து கொடுத்தது பத்து நாள் முன், குஞ்சு அதற்கு முன்பே முட்டையை விட்டு வந்தாச்சு என்று.

வெள்ளையில் இரண்டு வகை உண்டு. ஒன்று லெகார்ன் என்ற வெள்ளைப் பண்ணைக் கோழியில் இருப்பது, தாய் தகப்பன் ஒருவரிடம் இருந்தாலே குஞ்சில் தெரியும். மற்றது ஒளிந்து வருவது. இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் கருப்புப் பெட்டையும் செவலைச் சேவலும் ஆளுக்கு ஒன்று மறைத்து வைத்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஜோடியில் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு வெள்ளை. ஒன்பதுக்கு இரண்டு என்றால் கணக்கு ஒத்துப்போகிறது.

வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளையை வெள்ளையோடு சேருங்கள், எல்லாமே வெள்ளையாக வரும். வேண்டாமென்றால் அந்தச் சேவலையாவது மாற்றுங்கள். எங்கள் செம்மண் காட்டில் வெள்ளைக் குஞ்சைத்தான் பருந்து முதலில் தூக்குகிறது, அதனால் நான் வைத்துக்கொள்வதில்லை.

அணைக்கட்டுக்காரர்:
அல்பெண்டசோல் ஊற்றி நாலு நாள் ஆகிறது. இன்று எச்சத்தில் குருணை இல்லை. கூண்டை வேப்பமரத்தடிக்கு மாற்றியாச்சு. ஆயா மட்டும் இன்னும் நம்பவில்லை.