நாலு ஜிபி கணினிக்குக் கனமில்லாத ஆன்டிவைரஸ் எது?

செம்மண்:
அப்பாவின் கணினி 2016இல் வாங்கியது. ஐ3, நாலு ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கரண்ட் பில் கட்டுவார், ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவில் ஏதாவது கொண்டுபோவார், அவ்வளவுதான். காலையில் ஆன் செய்தால் காபி குடித்து முடித்த பிறகுதான் அசைகிறது. ஆன்டிவைரஸ் வாங்கிப் போடுங்கள் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். எதைப் போடலாம்?

நீலத்திரை:
எதையும் வாங்காதீர்கள். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இருக்கிறது. அது ஒப்புக்குச் சப்பாணி என்பது விஸ்டா என்ற பழைய விண்டோஸ் காலத்துப் பேச்சு; அன்று வேவு பார்க்கும் ஸ்பைவேரை மட்டும் பார்த்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து முழு ஆன்டிவைரஸ்தான். இலவசம் என்று வெளியிலிருந்து எதையாவது இறக்கினால் அவாஸ்ட் கதைதான். பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றார்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2024இல் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

கொத்துமல்லி:
நீலத்திரை சார், நீங்கள் ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி போட்ட கணினியில் உட்கார்ந்து பேசுகிறீர்கள். இந்த மாதிரிக் கணினியில், என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' உச்சியில் நிற்கும், டிஸ்க் 100 சதவீதம். அதுதான் உங்கள் டிஃபெண்டர். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் வேகத்துக்கென்றே தனிச் சோதனை வைக்கிறது. கோப்பு நகலெடுக்க, மென்பொருள் நிறுவ எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கிறார்கள். அதில் டிஃபெண்டர் முன்வரிசைக்கு வருவது அபூர்வம். என் வீட்டில் மூன்று வருடமாக நம்ம சென்னைக் கம்பெனி கே7 ஓடுகிறது. இருப்பதே தெரியாது. தவிர, டிஃபெண்டருக்குப் பாதி மூளை மைக்ரோசாஃப்ட் சர்வரில். நெட் இல்லாத நேரத்தில் ஜெராக்ஸ் கடைப் பென்டிரைவைச் செருகினால் என்ன ஆகும்?

நீலத்திரை:
கோப்பையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றும் அந்தப் பழைய வைரஸ்தானே? அதைப் பிடிக்க நெட் எதற்கு? அடையாளப் பட்டியல் கணினியிலேயே இருக்கிறது. புத்தம் புது வைரஸுக்கு நெட் இருந்தால் நல்லது, மறுக்கவில்லை. டிஸ்க் 100 ஆவது ஸ்கேன் ஓடும்போதுதான். டாஸ்க் ஷெட்யூலரில் ஸ்கேனை மதியத் தூக்க நேரத்துக்குத் தள்ளிவிடலாம்.

கொத்துமல்லி:
அப்பா தூங்கப் போகும்போது கணினியை அணைத்துவிட்டுத்தானே போவார்!

ஈயம்பூசி:
விண்டோஸ் ஒரிஜினலா என்று ஒருவரும் கேட்கவில்லையே. என் கணினியில் கடைப் பையன், கள்ள விண்டோஸை ஒரிஜினல் போல ஓடவைக்கும் ஆக்டிவேட்டர் போடுவதற்காக டிஃபெண்டரை அணைத்தார், திரும்பப் போடவில்லை. எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. செம்மண், டிஃபெண்டர் செட்டிங்ஸில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று, ஸ்கேன் செய்யாமல் விடும் இடங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 வரை வரும், ஆனால் விண்டோஸில் ஓட்டை விழுந்தால் அதை அடைக்காது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை நினைவிருக்கிறதா? ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது, வைரஸ் மே மாதம்தான் வந்தது. பேட்ச் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். 2016 ஐ3 விண்டோஸ் 11க்குத் தகுதியும் பெறாது.

செம்மண்:
பார்த்துவிட்டேன். எக்ஸ்க்ளூஷன்ஸில் ஒரே ஒரு வரிதான்: சி டிரைவ். முழுசும். யார் போட்டது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

நீலத்திரை:
அப்படியானால் இத்தனை நாள் டிஃபெண்டர் சி டிரைவைத் தொட்டதே இல்லை. காலை மந்தத்துக்கு அதன் மேல் எப்படிப் பழி போடுவது? ஹார்ட் டிஸ்க்தான் காரணம். எஸ்எஸ்டி மாற்றுங்கள், ஆன்டிவைரஸுக்கு வைத்த காசு அதற்குப் போகட்டும்.

கொத்துமல்லி:
மந்தத்துக்கு டிஸ்க்தான் காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே வரியில் மொத்த டிரைவையும் காவலிலிருந்து விலக்க விடுகிற ஆன்டிவைரஸை எப்படி நம்புவது?

ஈயம்பூசி:
அட்மின் பாஸ்வேர்டைக் கடையில் கொடுத்துவிட்டால் கே7ஐயும் அதே பையன் கழற்றிவிடுவான் அண்ணே.

செம்மண்:
வரியை நீக்கிவிட்டு முழு ஸ்கேன் விட்டிருக்கிறேன். இதுவரை நாலு சிக்கியிருக்கிறது, நாலும் ஆக்டிவேட்டர் இருந்த ஃபோல்டரில். பதினொரு சதவீதம்தான் முடிந்திருக்கிறது. அப்பா இரண்டாவது காபி கேட்கிறார்.